ஆட்டிசம் உள்ள குழந்தைக்குத் திருநெல்வேலிச் சீமையில் எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது

என் மகனுக்கு மூன்று வயதும் நான்கு மாதமும் ஆகியிருந்தபோது அவனுக்கு ஆட்டிசம் என்று மருத்துவர் சொன்னார். அதன்பிறகு ஏறக்குறைய ஒன்றரை ஆண்டை நான் தவறான வரிசையில் கழித்தேன். மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் கைக்கு வந்தால்தான் பயிற்சியில் சேர்க்க முடியும் என்று நினைத்துச் சான்றிதழுக்கு அலைந்தேன். ஆதாரில் பெயர் சரியில்லாததால் சான்றிதழ் தள்ளிப்போனது. படம் எடுக்க அவன் உட்கார மறுத்ததால் ஆதார் தள்ளிப்போனது. இப்போது அவனுக்கு ஒன்பது வயது. சேரன்மகாதேவிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு எத்தனை முறை பேருந்து ஏறினேன் என்று கணக்கு வைக்கவில்லை. அவற்றில் பாதிப் பயணமாவது தேவையற்றது என்று மட்டும் தெரியும். அந்தப் பாதி உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். கீழே எண்ணிட்டிருப்பது புரிந்துகொள்ளும் வசதிக்காக. இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒரே வாரத்தில் தொடங்கிவிடுங்கள்.

1. சந்தேகம் வந்த உடனே காதுப் பரிசோதனையும் வளர்ச்சிப் பரிசோதனையும்

பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமல் இருப்பது, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாமல் நம் கையைப் பிடித்து இழுத்துச் செல்வது, கண்ணோடு கண் பார்க்காதது, வந்திருந்த சில சொற்களும் நின்றுபோவது, சைக்கிள் சக்கரத்தையோ மின்விசிறியையோ நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பது ஆகியவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து தெரிந்தாலே மருத்துவரிடம் போக வேண்டும். "ஆம்பளப் பிள்ளை அப்படித்தான், இவன் தாத்தாவே நாலு வயசுலதான் பேசினாரு" என்று வீட்டில் ஆச்சி சொல்வார்கள். அவர்கள் சொல்வது அன்பினால்தான். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டு நான் இழந்தது எட்டு மாதம். 16 மாதம் முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கென எம்-சாட் என்ற 20 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று இருக்கிறது. குழந்தை நல மருத்துவரிடம் கேட்டால் பத்து நிமிடத்தில் நிரப்பிவிடலாம். அது சந்தேகத்தைச் சொல்லும் படிவமே தவிர முடிவைச் சொல்லும் படிவமல்ல.

பேச்சு வராத எந்தக் குழந்தைக்கும் முதலில் காது கேட்கிறதா என்று பார்ப்பார்கள். பெரா என்று அழைக்கப்படும் பரிசோதனைக்குக் குழந்தை தூங்கியாக வேண்டும். நான் செய்த தவறு, வழக்கம்போல் பேருந்தில் மடியில் போட்டு அழைத்துச் சென்றது. அவன் வரும் வழியெல்லாம் தூங்கிவிட்டு, பரிசோதனை அறையில் முழு விழிப்போடு ஓடிக்கொண்டிருந்தான். இன்னொரு நாள் வரச் சொல்லிவிட்டார்கள். முந்தைய இரவு தாமதமாகத் தூங்கவைத்து, காலையில் சீக்கிரம் எழுப்பி, வழியில் தூங்கவிடாமல் கொண்டுபோங்கள். காதில் குறும்பி இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதை இரண்டு நாள் முன்பே காட்டி எடுத்துவிடுவது நல்லது. காது நன்றாகக் கேட்கிறது என்ற அறிக்கை வந்ததும் நிம்மதியோடு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். அடுத்த கதவைத் தட்டவேண்டிய நேரம் அதுதான்.

அந்தக் கதவு, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. பிறந்தது முதல் 18 வயது வரையுள்ள குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்ப்பதற்கென்றே மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் என்ற பிரிவு இருக்கிறது. குழந்தைகள் நலப் பிரிவில் அதன் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கட்டணம் இல்லை, நேரம்தான் செலவு. காலை எட்டு மணிக்குள் சீட்டுப் போட்டுவிட்டால் மதியத்துக்குள் திரும்பலாம், இல்லையென்றால் அன்றைய பொழுது முழுவதும் போய்விடும்.

ஆட்டிசத்தைக் கண்டுபிடிக்க இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. குழந்தையைப் பார்த்தும், பெற்றோரிடம் கேட்டும்தான் முடிவு செய்கிறார்கள். வலிப்பு இருக்கிறது என்ற ஐயத்தில் மூளை அலைப் பரிசோதனை சொன்னால் அதில் பொருள் உண்டு. காரணம் சொல்லாமல் ஒரு நீண்ட பரிசோதனைப் பட்டியலைக் கையில் தந்தால், "இதில் எது தெரிந்தால் குழந்தைக்குச் செய்யும் பயிற்சி மாறும்?" என்று கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட்டு நான் கட்டிய தொகை ஆறாயிரம் ரூபாய்.

2. சான்றிதழுக்குக் காத்திராமல் பயிற்சியைத் தொடங்குங்கள்

பேச்சுப் பயிற்சி, அன்றாட வேலைகளைப் பழக்கும் செயல்முறைப் பயிற்சி (ஆக்குபேஷனல் தெரபி), சிறப்புக் கல்வி ஆகிய மூன்றையும் நம் பக்கத்தில் பொதுவாக 'தெரபி' என்ற ஒரே சொல்லில் சொல்கிறார்கள். ஆனால் மூன்றையும் செய்பவர்கள் வெவ்வேறு படிப்புப் படித்தவர்கள். பேச்சுப் பயிற்சியாளர், சிறப்பாசிரியர், மருத்துவ உளவியலாளர் ஆகியோர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், ஒவ்வொருவருக்கும் பதிவு எண் உண்டு. சேர்ப்பதற்கு முன் அந்த எண்ணைக் கேளுங்கள். ஒழுங்கானவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், பலர் சுவரிலேயே மாட்டியிருப்பார்கள். செயல்முறைப் பயிற்சியாளர் இந்தக் கழகத்தின் பதிவுக்குள் வருவதில்லை, அவரிடம் பட்டப்படிப்புச் சான்றைக் கேட்டால் போதும்.

அரசு மையத்தில் பயிற்சி இலவசம், ஆனால் முறை வருவதற்கு இடைவெளி இருக்கும். தனியார் மையத்தில் நான் ஓர் அமர்வுக்கு 500 ரூபாய் கொடுத்தேன். ஓர் அமர்வு என்பது முக்கால் மணி நேரம். வாரம் மூன்று அமர்வு என்றால் மாதம் ஆறாயிரம். பேருந்து, சாப்பாடு, நான் விட்டுவிட்ட கூலி எல்லாம் அதற்கு மேல். பணம் கட்டுவதற்கு முன் ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்: அறைக்குள் உங்களையும் உட்காரவிடுவார்களா? கதவைச் சாத்திக்கொண்டு, முடிந்ததும் "நல்லாப் பண்ணினான்" என்று மட்டும் சொல்லி அனுப்பும் இடத்தில் நாங்கள் ஏழு மாதம் இருந்தோம். அங்கே அவன் கற்றது எதுவும் வீட்டுக்கு வரவில்லை, ஏனென்றால் வீட்டில் இருந்த எங்களுக்கு எதுவும் தெரியாது. வாரத்தில் மூன்று மணி நேரம்கூட அவர்களிடம் இல்லாத குழந்தை, மீதி நேரமெல்லாம் நம்மிடம்தான் இருக்கிறது. ஆகையால் பயிற்சி முதலில் நமக்குத்தான் வேண்டும்.

சென்னைக்கு ஒருமுறை போய்வர முடியுமானால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் இருக்கும் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனத்தில் குழந்தையை முழுமையாக மதிப்பிட்டு, வீட்டில் செய்யவேண்டிய பயிற்சித் திட்டத்தையும் எழுதி வாங்கி வரலாம். அது மத்திய அரசு நிறுவனம். நெல்லை எக்ஸ்பிரஸில் கீழ்ப்படுக்கை கிடைத்தால் மட்டும் கிளம்புங்கள். மேல்படுக்கையில் எங்கள் பிள்ளையோடு கழித்த இரவை நான் இன்னும் மறக்கவில்லை.

பொறிகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆறு மாதத்துக்கு முன்பணம் கேட்பவர்கள், 'முற்றிலும் குணமாக்கித் தருகிறோம்' என்று தாளில் அச்சடித்துக் கொடுப்பவர்கள், ஸ்டெம் செல் ஊசி என்று லட்சக்கணக்கில் பேசுபவர்கள், உடம்பிலிருந்து உலோகத்தை வெளியேற்றுகிறோம் என்று மருந்து தருபவர்கள் ஆகிய யாரிடமும் நிற்காதீர்கள். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை ஏற்கப்பட்ட மருத்துவம் அன்று. கடுமையான எரிச்சல், தன்னைத்தானே அடித்துக்கொள்வது, தூக்கமின்மை போன்றவற்றுக்கு மனநல மருத்துவர் மருந்து எழுதுவது வேறு. அதற்கு அஞ்ச வேண்டியதில்லை, தானாக நிறுத்தவும் கூடாது. நேர்த்திக்கடனுக்கு மொட்டை போடுவதை நான் தடுக்கவில்லை. அதற்காகப் பயிற்சி நாளை விடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

3. காகிதங்களை ஒரே எழுத்துக்கூட்டலுக்குக் கொண்டுவாருங்கள்

பிறப்புச் சான்றிதழ், குழந்தையின் ஆதார், குடும்ப அட்டை, பெற்றோர் இருவரின் ஆதார் ஆகிய நான்கையும் மேசையில் பரப்பிவைத்துக் குழந்தையின் பெயரையும் பெற்றோர் பெயரையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். தலைப்பெழுத்து ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால், ஒன்றில் இல்லவே இல்லை. இந்தக் குழப்பம் நம்மிடம் பாதி வீடுகளில் இருக்கும். பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே மற்றவற்றை மாற்றுவதுதான் எளிது.

5 வயதுக்குக் கீழ் எடுத்த ஆதாரில் கைரேகையும் கண்விழிப் பதிவும் இருக்காது, 5 வயது ஆனதும் அவற்றைப் பதிய வேண்டும். நம் குழந்தைகளுக்கு இது சின்ன வேலை அன்று. நான் கண்ட வழி: முதல் நாள் மையத்துக்குப் போய், உள்ளே நுழைந்து, நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, எதுவும் செய்யாமல் திரும்பி வந்துவிட்டேன். வீட்டில் ஒரு வாரம் கண்ணாடித் தட்டின்மீது நான்கு விரல்களையும் அழுத்தும் விளையாட்டை விளையாடினோம். அதன்பிறகு கூட்டமில்லாத பிற்பகலில் போனபோது கால் மணி நேரத்தில் முடிந்தது.

வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, சாதிச் சான்று ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய். கிராம நிர்வாக அலுவலர் தொடங்கி வட்டாட்சியர் வரை ஒப்புதல் போக வேண்டியிருப்பதால் பத்துப் பதினைந்து நாள் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். குழந்தையின் பெயரில், தாயோ தந்தையோ காப்பாளராக, ஒரு வங்கிக் கணக்கும் வேண்டும்.

தென்காசிப் பக்கத்தவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. சங்கரன்கோவில், ஆலங்குளம், கடையநல்லூர், செங்கோட்டை, சிவகிரி வட்டங்களில் பலருடைய ஆதாரில் இன்னமும் திருநெல்வேலி மாவட்டம் என்றே இருக்கும். அதை வைத்து அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பிக்கும்போது திருநெல்வேலி என்று தேர்ந்தெடுத்தால் விண்ணப்பம் தவறான மாவட்டத்து மருத்துவமனைக்குப் போய் நின்றுவிடும். நீங்கள் இப்போது வசிக்கும் வட்டம் எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்பதைப் பார்த்து, முகவரியைத் திருத்திய பிறகே விண்ணப்பியுங்கள். அம்பாசமுத்திரமும் சேரன்மகாதேவியும் திருநெல்வேலியிலேயே இருக்கின்றன.

4. மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் மருத்துவக் குழு நாளும்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகை குறைபாடுகளை ஏற்றுக்கொள்கிறது, ஆட்டிசம் அவற்றில் ஒன்று. அரசுத் தாள்களில் அது 'புற உலகச் சிந்தனையற்ற நிலை' என்று எழுதப்பட்டிருக்கும். அந்தப் பெயரைப் படித்த அன்று நான் அழுதேன். பிள்ளைக்குச் சிந்தனை இருக்கிறது, பெயர் வைத்தவருக்குத்தான் அது தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

முதலில் 'ஸ்வாவ்லம்பன் கார்டு' என்ற மத்திய அரசு இணையதளத்தில் தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் இலவசம், கணினி மையத்தில் செய்தால் அவர்களுடைய கூலி மட்டும். புகைப்படம், பெருவிரல் ரேகை அல்லது கையொப்பம், ஆதார், முகவரிச் சான்று ஆகியவை போதும். கைபேசி எண்ணாக உங்கள் எண்ணையே கொடுங்கள். கணினி மையக்காரர் தம் எண்ணைக் கொடுத்துவிட்டதால் எனக்கு வரவேண்டிய குறுஞ்செய்திகள் இரண்டு மாதம் அவருக்குப் போய்க்கொண்டிருந்தன. விண்ணப்ப எண் உள்ள சீட்டை அச்சிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விதிப்படி மூன்று மாதத்துக்குள் சான்றிதழ் தர வேண்டும்.

பிறகு மருத்துவக் குழுவின் முன் போக வேண்டும். எந்தக் கிழமை, எந்த அறை என்பது மாறிக்கொண்டிருப்பதால் முந்தைய நாள் நேரில் ஒருவரை அனுப்பியோ மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டோ உறுதி செய்துகொள்ளுங்கள். குழந்தையின் மதிப்பீடு பெரும்பாலும் ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற இந்திய அளவுகோலைக் கொண்டு நடக்கும். அதில் 40 கூறுகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70க்குக் கீழ் என்றால் ஆட்டிசம் இல்லை, 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை மிதமானது, அதற்கு மேல் தீவிரமானது. 70 என்ற மதிப்பெண்ணே 40 சதவீதக் குறைபாட்டுக்குச் சமம். இந்த 40 சதவீதம்தான் கிட்டத்தட்ட எல்லா உதவிக்கும் வாசல்.

பெற்றோர் பலர் சறுக்கும் இடம் இந்த நேர்காணல்தான். கேள்விக்குப் பதில் சொல்லும்போது நமக்குள் இருக்கும் பெருமை முந்திக்கொள்கிறது. "தானாகச் சாப்பிடுவானா?" என்று கேட்டால், பத்து நாளில் ஒருநாள் இட்லியை எடுத்து வாயில் வைத்ததை நினைத்து "சாப்பிடுவான் சார்" என்று சொல்லிவிடுகிறோம். பெரும்பாலான நாட்களில், யாரும் உதவாதபோது என்ன நடக்கிறதோ அதைச் சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். ஒரு வாரம் முன்பிருந்தே ஒரு குறிப்பேட்டில் தூக்கம், சாப்பாடு, கழிப்பறை, பேச்சு, அடம், ஓடுவது என்று தினமும் நான்கு வரி எழுதிவைத்து அதைக் கையில் கொண்டுபோங்கள். கைபேசியில் மூன்று நான்கு சிறு காணொளிகளும் இருக்கட்டும், அந்த அறையில் குழந்தை வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருந்துவிடலாம்.

காத்திருப்பது நான்கைந்து மணி நேரம் ஆகலாம் என்பதால் இரண்டு பெரியவர்கள் போங்கள். ஒருவர் வரிசையில் நிற்க, மற்றவர் குழந்தையோடு வெளியே மரத்தடியில் இருக்கலாம். அவனுக்குப் பழகிய தின்பண்டம், தண்ணீர், மாற்று உடை, கையில் வைத்து உருட்ட அவன் விரும்பும் பொருள் எல்லாம் பையில் இருக்கட்டும். புதிய சட்டையை அன்றைக்குப் போடாதீர்கள், கழுத்துப் பட்டி குத்தினாலே போதும், அன்றைய நாள் முடிந்துவிடும்.

கையில் சான்றிதழ் கிடைத்ததும் அறையை விட்டு வெளியேறுவதற்கு முன் பெயர், பிறந்த தேதி, குறைபாட்டின் வகை, சதவீதம், செல்லுபடியாகும் தேதி ஆகிய ஐந்தையும் படியுங்கள். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் குறிப்பிட்ட காலத்துக்கே தருவார்கள். அந்தத் தேதிக்கு ஆறு மாதம் முன்பாகக் கைபேசியில் நினைவூட்டல் வையுங்கள். குழந்தைக்கு அறிவுசார் குறைபாடும் இருப்பதாக உளவியலாளர் மதிப்பிட்டிருந்தால் அதுவும் சான்றிதழில் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். சில உதவிகள் அந்தச் சொல்லை நம்பித்தான் இருக்கின்றன. அட்டை பிறகு அஞ்சலில் வரும்: 40 சதவீதத்துக்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80உம் அதற்கு மேலும் நீலம்.

5. அட்டையைக் கொண்டு எங்கெங்கே விண்ணப்பிப்பது

பராமரிப்பு உதவித்தொகை: அறிவுசார் குறைபாடு 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குத் தமிழக அரசு மாதம் 2,000 ரூபாய் தருகிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அனுமதி வருவதற்கு மாதக்கணக்கில் ஆகலாம், ஆகவே வீட்டுச் செலவுக் கணக்கில் அதை இப்போதே சேர்க்காதீர்கள். விண்ணப்பத்தின் நகலில் தேதியிட்ட முத்திரை வாங்குங்கள். நகலில் முத்திரை இல்லாமல் கொடுத்த என் முதல் விண்ணப்பம் எங்கே போனதென்று இன்றுவரை யாருக்கும் தெரியவில்லை. பதிலே வராவிட்டால் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை தோறும் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக் கொடுத்து, அதற்குரிய எண்ணை வாங்குங்கள். அங்கே குழந்தையை அழைத்துப்போக வேண்டிய அவசியமே இல்லை.

பேருந்து: சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் கட்டணம் இல்லை. அந்தப் பேருந்துகளில் பெண்களுக்கு ஏற்கெனவே இலவசம் என்பதால் தாயோடு போகும்போது இது பெரிதாகத் தெரியாது, தந்தையோ தாத்தாவோ அழைத்துப்போகும் நாளில்தான் பயன் தெரியும். அட்டையின் நகல் போதாது என்று நடத்துநர் சொன்னால் வாக்குவாதம் வேண்டாம், அசலையே கொண்டுபோங்கள்.

இரயில்: அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கும் துணைக்குச் செல்லும் ஒருவருக்கும் இரண்டாம் வகுப்பு, தூங்கும் வசதிப் பெட்டி, மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றில் 75 சதவீதச் சலுகை உண்டு. அதற்கென உள்ள இரயில்வே படிவத்தில் அரசு மருத்துவரின் கையொப்பமும் முத்திரையும் வேண்டும்.

நிராமயா காப்பீடு: மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் இந்தத் திட்டத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை காப்பு. முன்கூட்டிய மருத்துவப் பரிசோதனை கிடையாது. பயிற்சிக் கட்டணத்தில் ஒரு பகுதியையும் திரும்பப் பெறலாம் என்பதே இதன் பெரிய நன்மை. நான் சேர்த்தபோது கட்டியது 500 ரூபாய், வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 250. காப்பு ஆண்டு ஏப்ரல் தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது, நடுவில் சேர்ந்தாலும் அதே நாளில்தான் முடியும். எனவே ஜனவரியில் சேர்வதைவிட ஏப்ரலில் சேருங்கள். பயிற்சி மையத்தில் ஒவ்வொரு முறையும் தேதி, பதிவு எண், முத்திரை உள்ள அசல் இரசீது கேட்டு வாங்குங்கள். துண்டுச் சீட்டில் எழுதித் தருவது எதற்கும் உதவாது.

வருமான வரி கட்டுபவர்கள் பழைய வரிமுறையில் இருந்தால் 75,000 ரூபாய், குறைபாடு 80 சதவீதத்தை எட்டினால் 1,25,000 ரூபாய் கழிவு உண்டு. ஆட்டிசத்துக்குத் தனிப் படிவம் கேட்பார்கள் என்று உங்கள் கணக்காளரிடம் நினைவூட்டுங்கள்.

6. பள்ளி

40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை அருகமைப் பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. தனியார் பள்ளிகளின் 25 சதவீத இடங்களிலும் மாற்றுத்திறனாளிக் குழந்தை வாய்ப்பு மறுக்கப்பட்டோர் பிரிவில் வருவதால் வருமான வரம்பு இல்லை; இணைய விண்ணப்பம் திறக்கும் தேதியைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உரிமை இருப்பதும் வாசலில் நடப்பதும் வேறு. "இவனைப் பார்த்துக்க எங்ககிட்ட ஆள் இல்லம்மா, வேற இடம் பாருங்க" என்று மூன்று பள்ளிகளில் எனக்குச் சொன்னார்கள். மூன்றாவது இடத்தில் "அதை எழுத்தில் கொடுங்கள்" என்று கேட்டேன். எழுதியும் தரவில்லை, சேர்த்துக்கொள்ளவும் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் சண்டையிட்டுச் சேர்த்திருந்தாலும் பிள்ளை அங்கே எட்டு மணி நேரம் இருக்க வேண்டியிருந்திருக்கும். கடைசியில் எங்கள் ஊர் அரசுத் தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியை, பெயரைக் கேட்டதும் முதலில் கேட்டது "அவனுக்கு எந்தச் சத்தம் பிடிக்காது?" என்பதுதான். அங்கேயே சேர்த்துவிட்டோம்.

சேர்த்ததும் மூன்று வேலைகள். எமிஸ் என்ற, பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவர இணையப் பதிவில் குழந்தையின் குறைபாட்டு வகை ஏற்றப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். அது ஏறினால்தான் உங்கள் வட்டார வள மையத்தின் கணக்கில் அவன் இருப்பான். அந்த மையத்தின் சிறப்பாசிரியர் எந்தக் கிழமை உங்கள் பள்ளிக்கு வருவார் என்று கேட்டு, அன்று நீங்களும் போங்கள். பள்ளிக்கே வர முடியாத குழந்தைக்கு வீட்டுக்கு வந்து கற்பிக்கும் ஏற்பாடும் அவர்களிடம்தான் இருக்கிறது. பிறகு வகுப்பாசிரியருக்கு ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்: அவனுக்கு என்ன பிடிக்கும், எது பயமுறுத்தும், பசித்தால் என்ன செய்வான், கழிப்பறைக்கு எப்படிக் கேட்பான், அழுதால் எப்படி ஆற்றுவது. இரண்டு பக்கம் எழுதினால் படிக்க மாட்டார்கள்.

வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், இரண்டு மொழி குழப்பும் என்று சொல்லப்பட்டால் கேட்காதீர்கள். ஆச்சிக்கும் தாத்தாவுக்கும் தெருவுக்கும் தெரியாத மொழியில் குழந்தை யாரிடம் பேசும்? ஆனால் ஒரு பொருளுக்கு வீட்டில் அனைவரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். ஒருவர் 'தண்ணி', ஒருவர் 'வாட்டர்', ஒருவர் 'மம்மம்' என்றால் அவனுக்கு அது மூன்று பொருள்.

பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப் பாடத்தில் விலக்கு ஆகிய சலுகைகளைப் பள்ளி வழியாகக் கேட்கலாம். தேர்வுக்கு முந்தைய பருவத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும்.

7. வீடு, தெரு, கொடை, தண்ணீர்

காலையில் எழுந்தது முதல் படுக்கை வரை நடப்பவற்றைக் கைபேசியில் படம் எடுத்து, அச்சிட்டு, ஜெராக்ஸ் கடையில் உறை போட்டு, வரிசையாகச் சுவரில் ஒட்டுங்கள். பல் துலக்குவது, குளியல், சட்டை, இட்லி, பள்ளிப் பை என்று அவனுடைய பொருட்களின் படங்களாகவே இருக்கட்டும். இருநூறு ரூபாய்க்குள் முடிந்த இந்த வேலை எங்கள் வீட்டுக் காலை அழுகையைப் பாதியாகக் குறைத்தது.

சத்தம் தனிப் பாடம். நம் ஊர்க் கோயில் கொடை என்றால் மூன்று நாளும் ஒலிபெருக்கி, நையாண்டி மேளம், நடுச்சாமத்தில் வெடி. முதல் ஆண்டு என் மகன் கட்டிலுக்கு அடியில் காதைப் பொத்திக்கொண்டு கிடந்தான். கட்டட வேலைக்காரர்கள் அணியும் காதுமூடியைக் கொடைக்கு ஒரு மாதம் முன்பே வாங்கி, தினமும் ஐந்து நிமிடம் பிடித்த வேலையோடு சேர்த்து அணிவித்துப் பழக்குங்கள், அன்றைக்கே மாட்டினால் பிடுங்கி எறிந்துவிடுவான். கொடை வரி வாங்க வருபவர்களிடமே உங்கள் வீட்டுப் பக்கம் ஒலிபெருக்கிக் குழாய் கட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். எங்களுக்கு வேறு பக்கம் திருப்பிக் கட்டிக் கொடுத்தார்கள். வெடி நேரத்துக்கு மட்டும் அவனை அடுத்த ஊரில் இருக்கும் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். நெல்லையப்பர் ஆனித் தேரையும் காலையில் வடம் பிடிக்கும் கூட்டத்தில் காட்டுவதற்குப் பதில், நிலைக்கு வந்தபிறகு ஒரு மாலையில் காட்டினோம். சக்கரத்தை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

முடி வெட்டுவதற்குக் கூட்டமில்லாத நாளின் பிற்பகலில் ஒரே கடை, ஒரே ஆள். மின் கத்தரி வேண்டாம், கத்தரிக்கோல் போதும் என்று முன்பே சொல்லிவைக்க வேண்டும். சாப்பாட்டில் வெள்ளையாக இருப்பதை மட்டும் தின்னும் பிள்ளையின் வாயில் வேறொன்றைத் திணிப்பதால் இருக்கும் ஒன்றும் போய்விடும். தட்டின் ஓரத்தில் புதியதைச் சும்மா வைத்துக்கொண்டே வாருங்கள். சொதி தொட்ட இட்லியை என் மகன் ஏற்க பதினோரு மாதம் ஆனது.

இந்தக் கட்டுரையில் வேறெதையும் மறந்தாலும் தண்ணீரை மறக்காதீர்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலருக்குச் சொல்லாமல் வெளியேறும் பழக்கமும் தண்ணீர்மீது தீராத ஈர்ப்பும் உண்டு, ஆபத்தை உணரும் அச்சம் குறைவு. நாமோ தாமிரபரணியும் கால்வாயும் குளமும் மூடாத கிணறும் சூழ்ந்த ஊரில் இருக்கிறோம். கதவில் அவன் கைக்கு எட்டாத உயரத்தில் இன்னொரு தாழ்ப்பாள் போடுங்கள். உங்கள் கைபேசி எண் பொறித்த உலோகக் காப்பை அவன் கையில் அணிவியுங்கள். அக்கம்பக்கத்திலும், முக்குக் கடையிலும், ஆட்டோ நிறுத்தத்திலும் அவனுடைய படத்தைக் காட்டி, "தனியாகப் பார்த்தால் பிடித்து வைத்துக்கொண்டு எங்களைக் கூப்பிடுங்கள்" என்று சொல்லிவையுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காணாமல் போனால் முதலில் ஓட வேண்டியது தண்ணீர் இருக்கும் இடத்துக்கு. வீட்டுக்குள்ளும் மாடியிலும் மற்றவர்கள் தேடட்டும், ஒருவர் 112க்கு அழைக்கட்டும். நீச்சல் கற்றுக்கொடுங்கள், ஆனால் நீந்தத் தெரியும் என்ற நம்பிக்கையில் கண்ணை எடுக்காதீர்கள்.

பெற்றோரில் ஒருவர் மட்டும் இரவும் பகலும் பார்த்துக்கொண்டால் இரண்டே ஆண்டில் படுத்துவிடுவார். வாரத்தில் ஒரு பிற்பகல் உங்களுக்கு வேண்டும் என்று வீட்டில் கேட்டு வாங்குங்கள். அவனுடைய அக்காவுக்கும் அவளுக்கென்று ஒரு நேரம் வேண்டும். என் மகள் அதைத் தானே கேட்டபோது அவளுக்குப் பதினொரு வயது.

8. பதினெட்டு வயதுக்கு முன்

18 வயது முடிந்த நாளிலிருந்து சட்டத்தின் பார்வையில் நாம் தானாகவே காப்பாளர் அல்ல. வங்கிக் கணக்கு, சொத்து, கையெழுத்து எல்லாம் அங்கே சிக்கும். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப்பூர்வக் காப்பாளர் நியமனம் பெறலாம், நீதிமன்றம் போக வேண்டியதில்லை. பதினெட்டு முடிந்ததுமே மனுக் கொடுக்கும்படி பதினேழாம் வயதிலேயே தாள்களைச் சேர்க்கத் தொடங்குங்கள். எனக்கு இன்னும் ஒன்பது ஆண்டு இருக்கிறது. ஆனால் மேலே சொன்ன எல்லாத் தாள்களும் ஒரு நீலக் கோப்பில், தேதி வரிசையில், என் அலமாரியில் இருக்கின்றன. அதன் நகல் கோப்பு மேலப்பாளையத்தில் என் தம்பி வீட்டில் இருக்கிறது. நிராமயா இரசீது இரண்டிலும் முதல் பக்கம்.